குறைந்தபட்ச ஊதியம்: அரசாணையில் இருப்பது கைக்கு வர என்ன வேண்டும்?

"நீயும் ஒத்துக்கிட்டுத்தானே வேலைக்கு வந்தே?" கூலி குறைகிறது என்று யாராவது வாய் திறந்தால், முதலாளியிடமிருந்து முதலில் வரும் பதில் பெரும்பாலும் இதுதான். கேட்டவருக்கு அதற்கு மேல் பேச்சு எழாது. ஒத்துக்கொண்டது உண்மைதானே! ஆனால் சட்டம் இந்தப் பதிலை ஏற்பதில்லை. அரசு நிர்ணயித்த தொகைக்குக் கீழே வாங்கிக்கொள்ளச் சம்மதம் என்று முத்திரைத்தாளில் எழுதி, சாட்சிக் கையெழுத்தோடு வைத்திருந்தாலும் அது செல்லாது. 1948-ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தில் 25-ஆவது பிரிவு இதைச் சொன்னது. அந்தச் சட்டத்தின் இடத்தில் இப்போது வந்திருக்கும் 2019-ஆம் ஆண்டு ஊதியச் சட்டத்தொகுப்பும் இதையே சொல்கிறது.

மற்ற பண்டங்களின் விலையைப் பேரம் பேசி முடிக்கலாம். உழைப்புக்குக் கொடுக்கும் விலை மட்டும் ஓர் அளவுக்குக் கீழே பேரத்துக்கே வரக்கூடாது என்று வைத்திருக்கிறார்கள். காரணம் எளிது. வேலை கொடுப்பவர் ஒரு மாதம் ஆள் இல்லாமல் எப்படியாவது சமாளித்துவிடுவார். வேலை தேடுபவரால் ஒரு மாதம் அரிசி வாங்காமல் இருக்க முடியாது. இந்த நிலையில் இருவரும் உட்கார்ந்து பேசினால் யார் சொன்ன தொகைக்கு முடியும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

"கொடுக்கத்தான் ஆசை, எனக்குக் கட்டுப்படி ஆகாதே" என்பது அடுத்த பதில். இதுவும் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்ற வாதம். கேரளத்தின் ஓட்டுத் தொழில் முதலாளிகள் தொடுத்த வழக்கில், குறைந்தபட்ச ஊதியம் நிர்ணயிக்கும்போது முதலாளியின் சக்தியைப் பார்க்க வேண்டியதில்லை என்று 1961-இல் தீர்ப்பு வந்தது. தொழிலாளிக்கு உயிர் வாழும் அளவுக்குக்கூடக் கூலி கொடுக்க முடியாத தொழிலுக்கு நடக்கும் உரிமையே கிடையாது என்று அதற்கு முன்பே, 1957-இல், அதே நீதிமன்றம் சொல்லியிருந்தது.

தொகை எப்படி வருகிறது?

அதே 1957-இல் டெல்லியில் இந்தியத் தொழிலாளர் மாநாடு கூடியது. அரசு, முதலாளிகள், தொழிற்சங்கங்கள் மூன்று தரப்பும் சேர்ந்து ஓர் அளவுகோலை ஏற்றுக்கொண்டன. ஒரு குடும்பம் என்றால் மூன்று நுகர்வு அலகு. சம்பாதிக்கும் ஆணுக்கு 1, மனைவிக்கு 0.8, இரண்டு பிள்ளைகளுக்குத் தலா 0.6. ஓர் அலகுக்கு ஒரு நாளைக்கு 2,700 கலோரி உணவு. குடும்பத்துக்கு வருடத்துக்கு 72 கெஜம் துணி. அப்புறம் குறைந்த அளவு வீட்டு வாடகை. விறகு, விளக்கு, இதர செலவுக்கு 20 சதவீதம். இவ்வளவுதான். 1991-இல் சென்னை ஆலைத் தொழிலாளர்கள் சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம், பிள்ளைகளின் படிப்பு, மருத்துவம், பண்டிகை, முதுமை, கல்யாணம் போன்றவற்றுக்காக இன்னொரு 25 சதவீதத்தைச் சேர்த்தது.

இந்தக் கணக்கில் எனக்கு உறுத்துவது அந்த 0.8. வேலைக்குப் போய்விட்டு வந்து வீட்டு வேலையும் பார்க்கும் பெண்ணுக்கு ஏன் உணவு குறைவாகப் போதும் என்று யாரும் அன்று கேட்கவில்லை. மத்திய அரசு அமைத்து, 2019-இல் அறிக்கை கொடுத்த அனூப் சத்பதி குழு குடும்பத்தை 3.6 அலகாக உயர்த்தக் கேட்டது. நாடு முழுவதற்குமான அடிமட்ட ஊதியம் ஒரு நாளைக்கு 375 ரூபாய் இருக்க வேண்டும் என்றது. 2017 முதல் மத்திய அரசு சொல்லிவந்த அடிமட்டத் தொகை 176 ரூபாய்தான். ஒரு டீயும் ஒரு வேளைச் சாப்பாடும் என்ன விலை என்று தெரிந்த எவருக்கும் இந்த 176-ஐப் பற்றித் தனியாக விளக்க வேண்டாம்.

நல்லவேளையாக, தமிழ்நாட்டில் ஒவ்வொரு தொழிலுக்கும் மாநில அரசு தனித்தனியாகத் தொகை அறிவிக்கிறது. ஓட்டல், ஜவுளிக்கடை, செங்கல் சூளை, தையல், மருத்துவமனை என்று பட்டியல் நீளமானது. 2018-இல் வீட்டு வேலைக்கும் மணிக்கணக்கில் நிர்ணயம் வந்தது. தொகையில் இரண்டு பாகம் உண்டு: அடிப்படை ஊதியம், அகவிலைப்படி. சென்னையின் நுகர்வோர் விலைக் குறியீட்டு எண்ணை வைத்து அகவிலைப்படி ஏப்ரல் 1-ஆம் தேதிதோறும் மாறும். அடிப்படை ஊதியத்தை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறையாவது திருத்த வேண்டும்.

சட்டத்தில் இருக்கும் அந்த ஐந்து ஆண்டு, நடப்பில் வேறு மாதிரி இருக்கிறது. ஆயத்த ஆடைத் தொழிலுக்கு 2004-க்குப் பிறகு 2014-இல்தான் புதிய தொகை வந்தது. உடனே நூற்றுக்கணக்கான நிறுவனங்கள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போயின. 2016-இல்தான் அந்த வழக்குகள் தள்ளுபடி ஆகின. 2004-இல் தையல் மெஷினில் உட்கார்ந்த பெண்ணின் மகள், அதே மெஷினில் உட்காரும் வயதுக்கு வந்துவிட்டாள்.

முன்பு பட்டியலில் பெயர் உள்ள தொழில்களுக்கு மட்டும்தான் குறைந்தபட்ச ஊதியம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் சட்டத்தொகுப்பில் அந்த வரம்பு இல்லை. எந்தத் தொழிலானாலும் உண்டு. மத்திய அரசு அறிவிக்கும் அடிமட்டத் தொகைக்குக் கீழே எந்த மாநிலமும் போகவும் முடியாது. இது நல்ல மாற்றம். புதிய சட்டத்தோடு முரண்படாத பழைய அறிவிப்புகள் அப்படியே தொடரும் என்பதால், உங்கள் தொழிலுக்கு ஏற்கனவே வந்திருக்கும் தொகை இன்றும் செல்லும்.

ஒரு கணக்கு

கையில் வரும் சம்பளத்தையும் அறிவித்த தொகையையும் மட்டும் வைத்துப் பார்த்தால் ஏமாந்துபோவோம். நேரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். புரிவதற்காக முழு எண்களாக வைத்துக்கொள்வோம். ஒரு கடையின் விற்பனையாளருக்கு அரசுத் தொகை மாதம் 13,000 ரூபாய். கையில் கிடைப்பது 12,000. ஆயிரம்தானே குறைகிறது, போகட்டும் என்று தோன்றும்.

ஆனால் அவர் காலை பத்து மணிக்குக் கடைக்கு வந்தால் இரவு ஒன்பதுக்குத்தான் கிளம்புகிறார். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் கழித்தால் பத்து மணி நேர வேலை. அரசு சொன்ன 13,000 எட்டு மணி நேர வேலைக்கு. மாதத்தை 26 நாளாக வகுத்தால் ஒரு நாளுக்கு 500 ரூபாய், ஒரு மணிக்கு 62 ரூபாய் 50 காசு. எட்டு மணிக்கு மேல் பார்க்கும் ஒவ்வொரு மணிக்கும் இரட்டிப்புக் கூலி, அதாவது 125 ரூபாய். தினமும் இரண்டு மணி வீதம் 26 நாளைக்கு 52 மணி நேரம். அதற்கு 6,500 ரூபாய். ஆக அவருக்கு வர வேண்டியது 19,500. வந்தது 12,000. மாதம் 7,500 ரூபாய் அவருடைய பாக்கெட்டுக்கு வராமலேயே போகிறது. இரண்டு வருடத்துக்கு இது 1,80,000 ரூபாய். மகளைக் கல்லூரியில் சேர்க்கவோ, அடகு வைத்த நகையை மீட்கவோ போதுமான பணம்.

திருப்பூரில் இதையே வேறு பாஷையில் சொல்வார்கள். அங்கே பேச்சு ஷிப்ட் கணக்கில்தான். காலை எட்டரைக்குத் தொடங்கி இரவு வரை நின்றால் "ஒன்றரை ஷிப்ட்". ஒன்றரை நாள் சம்பளம் கிடைத்ததே என்று மனசு திருப்திப்படும். எட்டு மணிக்கு மேற்பட்ட அந்த நான்கு மணி நேரத்துக்கு ஒரு முழு நாள் சம்பளம் வந்திருக்க வேண்டும் என்பது அந்த வார்த்தைக்குள் காணாமல் போய்விடுகிறது.

பீடியில் இது இன்னும் நுணுக்கமாக நடக்கும். தென்காசிப் பக்கமும் வேலூர்ப் பக்கமும் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பீடி சுற்றும் பெண்களுக்கு ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. ஆயிரத்துக்கான இலையும் தூளும் கம்பெனி தர வேண்டும். கொடுக்கும் இலையில் பாதி ஓட்டையும் கிழிசலுமாக இருக்கும்; ஆயிரம் தேறாது. குறையும் இலையைத் தன் காசில் வாங்கிப் போட்டு எண்ணிக்கையை நிரப்பிக் கொடுப்பார் சுற்றுகிறவர். அதிலும் சரியில்லை என்று ஒரு கைப்பிடியை ஒதுக்குவார்கள். ஒதுக்கியதற்குக் கூலி கிடையாது, அந்தப் பீடி திரும்பியும் வராது. பதிவேட்டில் மட்டும் ஆயிரத்துக்கு முழுக் கூலி.

இன்னும் சில வழிகள் உங்களுக்கே தெரிந்திருக்கும். வங்கியில் முழுச் சம்பளமும் போட்டுவிட்டு, மறுநாள் ஒரு பகுதியைப் பணமாகத் திருப்பி வாங்குவது. ஏடிஎம் கார்டையே வாங்கி வைத்துக்கொள்வது. இரண்டு வருடமாக வேலை பார்ப்பவரை இன்னும் "டிரெயினி" என்றே எழுதிவைப்பது. பி.எஃப்.-இல் தொழிலாளியின் பங்கு வழக்கமாக 12 சதவீதம், இ.எஸ்.ஐ.-இல் 0.75 சதவீதம், இவற்றைச் சம்பளத்தில் பிடிக்கலாம். முதலாளி போட வேண்டிய பங்கையும் சேர்த்துத் தொழிலாளியிடமே பிடிப்பது திருட்டு, வேறு பெயர் கிடையாது. வயல் வேலையிலும் கட்டட வேலையிலும் ஆண் கூலி, பெண் கூலி என்று பிரிப்பது நம் ஊரில் இயல்பாகவே ஆகிவிட்டது. ஒரே வேலைக்கு ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்று தர 1976-இலிருந்தே சட்டத்தில் இடமில்லை.

நடுவில் நிற்பவர்

1982-இல் டெல்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. அதற்காக அவசர அவசரமாக மைதானங்களும் மேம்பாலங்களும் கட்டினார்கள். வேறு மாநிலங்களிலிருந்து ஜமேதார்கள் ஆள் பிடித்து வந்தார்கள். நம் ஊர் மேஸ்திரி, கங்காணி போலத்தான். அன்றைய குறைந்தபட்சக் கூலி நாளைக்கு 9 ரூபாய் 25 காசு. அதில் ஒரு ரூபாயை ஜமேதார் கமிஷனாக எடுத்துக்கொண்டு 8 ரூபாய் 25 காசைத் தொழிலாளியிடம் கொடுத்தார். மக்கள் ஜனநாயக உரிமைக்கான ஒன்றியம் இதை விசாரித்து நீதிபதி பி.என். பகவதிக்குக் கடிதம் எழுதியது. உச்ச நீதிமன்றம் கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்டது.

அந்தத் தீர்ப்பு அரசியலமைப்பின் 23-ஆவது பிரிவுக்குப் போனது. கட்டாய உழைப்பைத் தடை செய்யும் பிரிவு அது. சாட்டையோடு ஒருவர் நின்றால்தான் கட்டாயமா? பசியும் வேலையின்மையும் ஒருவரைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினால் அதுவும் கட்டாயம்தான் என்றது நீதிமன்றம். சட்டம் சொன்ன கூலிக்குக் குறைவாக ஒருவர் வேலை செய்கிறார் என்றால், வேறு வழியில்லாத நெருக்கடிதான் அவரைச் செய்யவைக்கிறது. ஆகவே அது கட்டாய உழைப்பு. "நீயும் ஒத்துக்கிட்டுத்தானே" என்ற பேச்சுக்கு நம் நாட்டில் எழுதப்பட்ட மிக முழுமையான பதில் இதுதான் என்பேன்.

அந்த வழக்கில் இன்னொன்றும் தெளிவானது: காண்ட்ராக்டர் கொடுக்கவில்லை என்று சொல்லி மேலே இருப்பவர் ஒதுங்கிக்கொள்ள முடியாது. புதிய சட்டத்தொகுப்பிலும் இது இருக்கிறது. காண்ட்ராக்டர் கூலி தராமல் போனால், வேலை நடக்கும் நிறுவனத்தின் உரிமையாளர்தான் பொறுப்பு. மருத்துவமனையைக் கூட்டுகிறவர், கல்லூரி வாசலில் நிற்கும் வாட்ச்மேன், கம்பெனி கேண்டீனில் பாத்திரம் கழுவுகிறவர் எல்லோரும் இதை மனதில் வைத்திருக்க வேண்டும். உங்களுக்குச் சம்பளம் கொடுப்பவரின் பெயர் தெரியாவிட்டாலும், நீங்கள் எந்தக் கட்டடத்தில் வேலை பார்க்கிறீர்கள் என்பது தெரியுமல்லவா? அது போதும்.

பிடிக்க வேண்டியவர்கள்

சட்டத்தில் தொகை இருக்கிறது, நீதிமன்றமும் பக்கத்தில் நிற்கிறது. அப்படியும் கூலி ஏன் வருவதில்லை? இந்த ஏற்பாடு முழுவதும் தொழிலாளி புகார் கொடுப்பார் என்ற எதிர்பார்ப்பில் நிற்கிறது. புகார் கொடுத்தால் வேலை போகும் என்ற பயத்தில் இருப்பவரும் அவர்தான். அதனால்தான் புகாருக்குக் காத்திருக்காமல் நேரில் போய்ப் பார்க்கும் ஆய்வாளர் தேவைப்படுகிறார்.

தொழிலாளர் ஆய்வு பற்றிய 81-ஆவது சர்வதேசத் தொழிலாளர் உடன்படிக்கையை இந்தியா 1949-இலேயே ஏற்றுக்கொண்டது. ஆய்வாளர் இரவோ பகலோ எந்த நேரத்திலும் முன்னறிவிப்பு இல்லாமல் உள்ளே போகலாம் என்கிறது அது. புகார் கொடுத்தவர் யார் என்பதை மூடி வைக்க வேண்டும் என்பதோடு, ஒரு புகாரின் பேரில்தான் வந்திருக்கிறேன் என்பதைக்கூட முதலாளிக்குக் காட்டிக்கொள்ளக் கூடாது என்றும் சொல்கிறது. இந்த ஒரு வரியை எழுதியவருக்குத் தொழிற்கூடம் எப்படி இயங்கும் என்று நன்றாகவே தெரிந்திருக்கிறது.

புதிய சட்டத்தொகுப்பில் எனக்குக் கவலை தருவது இந்த இடம்தான். ஆய்வாளருக்கு இப்போது முதலாளிகளுக்கு ஆலோசனை சொல்லி உதவும் பொறுப்பும் சேர்ந்திருக்கிறது. தவறு கண்டுபிடித்தாலும் உடனே வழக்கு இல்லை. முதலில் திருத்திக்கொள்ள அவகாசம் கொடுத்து எழுத்தில் சொல்ல வேண்டும். பழைய சட்டத்தில் ஆறு மாதச் சிறைக்கு இடம் இருந்தது. ஆனால் அபராதம் 500 ரூபாயைத் தாண்டாது. அது யாருக்கும் வலிக்காத தொகை. புதியதில் குறைத்துக் கொடுத்ததற்கு 50,000 ரூபாய் வரை அபராதம். ஐந்து ஆண்டுக்குள் மறுபடி அதே குற்றம் என்றால் மூன்று மாதம் வரை சிறை அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். தொகை ஏறியது சரி. ஆனால் முதல் தடவை மாட்டினால் ஒரு கடிதம் மட்டும்தான் வரும் என்று தெரிந்த முதலாளி, மாட்டும்வரை ஏன் திருந்தப் போகிறார்?

கேட்டு வாங்குவது

முதல் வேலை, நீங்கள் அங்கே வேலை பார்க்கிறீர்கள் என்பதற்கு அத்தாட்சி சேர்ப்பது. இது இப்போது நினைப்பதைவிடச் சுலபம். கூலி கொடுத்துவிட்டேன் என்று நிரூபிக்க வேண்டியது முதலாளியின் பொறுப்பு என்று புதிய சட்டம் தெளிவாகச் சொல்கிறது. ஆனால் "இந்த ஆளை எனக்குத் தெரியவே தெரியாது" என்று அவர் சொல்லிவிட்டால் அதை உடைக்க உங்கள் கையில் ஏதாவது இருக்க வேண்டும். அடையாள அட்டை, சம்பளச் சீட்டு இருந்தால் நல்லது. சம்பளச் சீட்டு தருவது முதலாளியின் கடமை. இல்லாவிட்டால் வங்கிக் கணக்கு, ஜிபே வரவு, "நாளைக்கு சீக்கிரம் வா" என்று சூப்பர்வைசர் அனுப்பிய வாட்ஸ்அப், சீருடையில் எடுத்த படம், பி.எஃப். கணக்கில் வந்த குறுஞ்செய்தி, கம்பெனி வேன் ஏறும் இடத்தில் எடுத்த போட்டோ எல்லாமே உதவும்.

அதோடு ஒரு சின்ன நோட்டு. தேதி, வந்த நேரம், கிளம்பிய நேரம், வாங்கிய பணம், பிடித்த பணம். தினமும் இரவு ஒரு வரி. காலெண்டரில் பேனாவால் குறித்தாலும் போதும். மூன்று மாதம் விடாமல் எழுதிய நோட்டை, கடைசி நாளில் உட்கார்ந்து நிரப்பிய பதிவேட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எது நாளுக்கு நாள் எழுதியது என்று அதிகாரிக்குத் தெரியாமல் போகாது.

மனு கொடுக்கும் இடம் தொழிலாளர் துறை. மாவட்டத்தில் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகம் இருக்கிறது. முதலில் அங்கே போங்கள். உங்கள் தொழிலுக்கு இந்த ஆண்டு என்ன தொகை என்பதையும் அங்கேயே கேட்கலாம். வெள்ளைத்தாளில் தமிழில் எழுதினால் போதும். எந்தத் தேதியிலிருந்து வேலை, என்ன வேலை, தினம் எத்தனை மணி நேரம், எவ்வளவு வர வேண்டும், எவ்வளவு வந்தது என்ற ஐந்தும் தெளிவாக இருக்கட்டும். மனுவின் இன்னொரு பிரதியில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள்.

பழைய சட்டத்தில் ஆறு மாதத்துக்குள் கேட்க வேண்டும். இப்போது மூன்று ஆண்டு வரை கேட்கலாம். குறைந்த தொகையோடு, அதைப்போல் பத்து மடங்கு வரை நஷ்ட ஈடு கொடுக்கவும் அதிகாரி உத்தரவிடலாம். மூன்று ஆண்டு என்பது பெரிய விஷயம். வேலையில் இருக்கும்போது கேட்கப் பயந்தவர், வேறு இடத்தில் வேலை கிடைத்த பிறகு பழைய பாக்கியைக் கேட்க முடியும். வேலையை விட்டு நின்றால் கணக்கை இரண்டு வேலை நாளில் முடித்துத் தர வேண்டும் என்பதும் சட்டம்தான். "அடுத்த மாசம் வந்து வாங்கிக்கோ" என்பதற்கு இடமில்லை.

இன்னும் பணியில் இருப்பவர் தனியாகப் போக வேண்டாம் என்பது என் அழுத்தமான ஆலோசனை. நீங்கள் உறுப்பினராக உள்ள பதிவுபெற்ற தொழிற்சங்கமே உங்களுக்காக மனு போடலாம். ஆய்வாளரும் போடலாம். பத்துப் பேர் சேர்ந்து போனால் யாரை வேலையை விட்டு நிறுத்துவது என்று முதலாளிக்குக் குழப்பம். ஒருவர் போனால் அந்தக் குழப்பம் இருக்காது. முன்பணம் கொடுத்துவிட்டு, அது தீரும்வரை சூளையையோ ஆலையையோ விட்டு வெளியே விடாமல் வைத்திருந்தால் அது கூலிப் பாக்கி விவகாரம் இல்லை, கொத்தடிமை. 1976-ஆம் ஆண்டுச் சட்டம் இதற்குத் தனியாக இருக்கிறது. அதற்கு நேராக ஆட்சியரிடமோ கோட்டாட்சியரிடமோ போக வேண்டும்.

உத்தரவு உங்கள் பக்கம் வந்த பிறகும் பணம் கொடுக்காமல் இழுத்தடிக்கிறவர்கள் உண்டு. அப்போது அதிகாரி வசூல் சான்றிதழ் ஒன்றை மாவட்ட ஆட்சியருக்கு அனுப்பலாம். நிலவரிப் பாக்கியை வசூலிப்பது போல அந்தத் தொகையை வசூலித்துக் கொடுப்பது ஆட்சியரின் வேலை. பலருடைய பணம் இந்தக் கடைசிக் கட்டத்தில்தான் கோப்புக்குள் தூங்கிவிடுகிறது. சான்றிதழ் எந்தத் தேதியில், எந்த எண்ணில் போனது என்பதைத் தொழிலாளர் துறையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்த எண்ணோடு மாதம் ஒருமுறை தாலுகா அலுவலகத்துக்குப் போய், என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் அந்த மனுவின் பிரதியோடு திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடமே கொடுங்கள்.